வாட் எண்ணும் காதும்: இரு ஸ்பீக்கர்களின் ஒப்பீடு

ஜேபிஎல் நிறுவனத்தின் ஃபிளிப் 6, சார்ஜ் 5 ஆகிய இரு புளூடூத் ஸ்பீக்கர்களும் ஒரே உருளை வடிவமும் ஐபி67 என்னும் ஒரே பாதுகாப்புத் தரமும் கொண்டவை. இக்குறியீட்டில் 6 என்பது தூசி உட்புகாது என்பதையும், 7 என்பது ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் கருவி பழுதாகாது என்பதையும் குறிக்கின்றன. கடல்நீருக்கு இவ்வுறுதி பொருந்தாது.

வாங்குவோர் முதலில் பார்ப்பது பெரும்பாலும் வாட் அளவையே. ஃபிளிப் 6 மொத்தம் 30 வாட்டும் சார்ஜ் 5 மொத்தம் 40 வாட்டும் கொண்டவை எனினும், ஒலியின் உரப்பை அளக்கும் டெசிபல் கணக்கில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 1.25 மட்டுமே, சத்தம் இருமடங்காகக் காதில் படுவதற்கோ சுமார் 10 டெசிபல் உயர்வு தேவை. எனவே, பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் அச்சிடப்படும் எண்ணுக்கு அத்தனை மதிப்புத் தர வேண்டியதில்லை. உண்மையான வேறுபாடு பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளில் உள்ளது: சார்ஜ் 5இன் பெரிய ஒலிக்கூம்பு கூடுதல் காற்றைத் தள்ளுவதால், மிருதங்கத்தின் தொப்பிப் பக்கத்தில் எழும் கும்கி என்னும் தாழ்ந்த நாதம் அதில் கனத்துடன் ஒலிக்கிறது.

பேட்டரி ஃபிளிப் 6இல் 12 மணி, சார்ஜ் 5இல் 20 மணி நேரம் நீடிக்கும் என்பது மிதமான ஒலியளவுக்கே உரிய கணக்கு. சார்ஜ் 5 கைபேசிக்கும் மின்னேற்றம் தரும். ஆயின் அதன் எடை 960 கிராம், மற்றதோ 550 கிராமே. நாள்தோறும் பையில் சுமப்போருக்கு இவ்வேறுபாடே முடிவைத் தீர்மானிக்கக்கூடியது. இரண்டிலும் 3.5 மில்லிமீட்டர் ஒயர் செருகும் துளை இல்லாததால், புளூடூத் வசதியற்ற பழைய வானொலியை இவற்றுடன் நேரடியாக இணைக்க இயலாது.