வயது கேட்கும் ஒழுங்கை

சைகோன் நகரிலே நான் தங்கிய வீட்டில் என்னிடம் முதன்முதற் கேட்கப்பட்ட வினா, "வயது எத்தனை?" என்பது. பெயர் கேட்கவில்லை; ஊர் கேட்கவில்லை. கேட்டவர் எண்பதைக் கடந்த மூதாட்டி. ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னவள் அவருடைய பேர்த்தி. எனக்கு அது பிடிக்கவில்லை. சிரித்து மழுப்பிவிட்டேன்.

1976 ஆம் ஆண்டிலிருந்து அந்நகருக்கு ஹோ சி மின் நகரம் என்று பெயர். ஆயினும் அங்குள்ளார் வாயில் சைகோன் என்பதே இன்றும் வழங்குகின்றது. பெருந்தெருக்களிலே மோட்டார் சைக்கிள்கள் வெள்ளமாய் ஓடுகின்றன. நம்மவர் கட்டிய மாரியம்மன் கோயிலில் வியட்நாமிய மக்களும் வந்து வணங்குகின்றனர். அவை வேறொரு நாளைக்கு ஆகுக. நான் எழுத வந்தது ஒழுங்கையைப் பற்றி.

அப்பகுதிக்குப் பான் கோ என்று பெயர். சதுரங்கப் பலகை என்பது பொருள். ஒழுங்கைகள் குறுக்கும் நெடுக்குமாய் ஓடுதலின் பெயர் பொருத்தமே. வீட்டிலக்கம் 72/14/3 என்பது போல அமையும். தெருவிலே 72 ஆம் இலக்கத்தருகே ஓர் ஒழுங்கை பிரியும். அதிலே 14 இன் அருகே மற்றொன்று பிரியும். அதற்குள்ளே 3 ஆம் இலக்க வீடு. வாயிற்படியிலே சமையல்; அங்கேயே பிள்ளைகளின் பாடம். ஒருவன் அயலானாய் ஒதுங்கியிருத்தல் அங்கே இயலாது.

மூன்றாம் நாட் காலை, கைநூலிற் கற்ற 'தொய்' என்னும் சொல்லை வைத்து, "நான் சாப்பிட்டேன்" என்று மூதாட்டியிடம் சொன்னேன். இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. அவர் முகம் வாடிற்று. மறுமொழி வரவில்லை.

பேர்த்தி விளக்கினாள். 'தொய்' என்றால் 'நான்'. முன்னாளில் ஏவலாளன் என்னும் பொருளும் அதற்குண்டு. நமது 'அடியேன்' போலப் பணிவிற் பிறந்த சொல். இன்றோ பணிவு தேய்ந்துவிட்டது. அறிமுகமில்லாதவரிடத்து ஏற்கும், வீட்டுக்குள்ளே சொன்னால் எட்டி நிற்பதாகும். அயலிலே ஒவ்வொருவரும் முறைப்பெயராலேயே தம்மைச் சுட்டுவர். 'ஆன்' என்பது அண்ணன். 'எம்' என்பது தம்பி, தங்கை இருவருக்கும் பொது. வினைக்கு விகுதி கிடையாது. ஆகவே 'அண்ணன் தம்பிக்குக் கொடு' என்னும் ஒரே தொடர், மூத்தவன் சொன்னால் 'நான் உனக்குக் கொடுப்பேன்' என்றாகும்; இளையவன் சொன்னால் 'நீ எனக்குக் கொடுப்பாய்' என்றாகும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று முப்பது வருடம் பாடஞ் சொன்னவனுக்குத் தலை சுழன்றது. படர்க்கைக்குச் சைகோனார் செய்வது இன்னும் அழகு. 'ஓங்' என்பது பாட்டன். ஒலிப்பின் தொனியை மாத்திரம் மாற்றினால் 'அந்தப் பாட்டன்' என்றாகிவிடும்.

எம்முறை சொல்வது என்பதை வயது தீர்க்கின்றது. வயது சொல்லாதவனை அழைக்க வழியில்லை. இரண்டு நாளாக மூதாட்டி என்னோடு பேசாதிருந்தது அதனாலேதான். நானோ அவரைக் கடுமையானவர் என்று எண்ணியிருந்தேன்.

அன்றே வயதைச் சொன்னேன். அவர் முன்னிலையில் நான் 'கொன்' என்று என்னைச் சொல்லவேண்டுமாம். 'பிள்ளை' என்பது பொருள். நரைத்த தலையோடு எப்படிச் சொல்வது? நா எழவில்லை. என் தாயார் காலமாகிப் பதினொரு வருடம். அதன்பின் நான் எவர் முன்னும் பிள்ளையாய் நின்றதில்லை. ஒருவாறு, "பிள்ளை சாப்பிட்டாயிற்று" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். என் தொனி பிழைத்திருக்கவேண்டும்.

ஒழுங்கையார் அவரை ஐந்தாம் பாட்டி என்பர். பிறப்பில் நான்காமவர். பிள்ளைகளை இரண்டிலிருந்து எண்ணத் தொடங்குவது வியட்நாமின் தென்னாட்டு வழக்கு. நான் மச்சம் உண்ணாதவன் என்றறிந்ததும் அவர் மகிழ்ந்தார். அங்கே பௌத்தர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் மரக்கறியே உண்பர்.

பதினைந்தாம் நாள் இரவு, சோயா அவரையிற் செய்த தவுபூக் கறியோடு சோற்றுக் கிண்ணமொன்றை என் அறைவாயிலில் வைத்துவிட்டு, என் தாயார் இருந்தால் என்ன வயது என்று கேட்டார். சொன்னேன். விரல் மடித்து எண்ணினார். அவரிலும் தாயார் இரண்டு வயது மூப்பு. "அப்படியாயின் நான் உனக்குப் பாட்டியல்லேன்; சின்னம்மா" என்றார்.

மறுநாள் காலை பேர்த்தி முணுமுணுத்தாள். அதுவரை என்னை 'ஓங்' என்று அழைத்துவந்தவள், இனி 'பாக்', அதாவது பெரியப்பா, என்று மாற்றிச் சொல்லவேண்டியதாயிற்று.