வெளிச்சம் பட்டால் வேலை செய்யும் பிளாஸ்டிக்!

மொட்டை மாடியில் அப்பளம் உலர்த்தும் தாய்மார்களுக்கு இது நன்றாகத் தெரிந்த சங்கதி. வெயில் சுள்ளென்று ஏறியதும் அப்பளத்தின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருளத் தொடங்கும். மேல்பக்கம் காய்ந்து சுருங்கிவிடுகிறது; அடிப்பக்கத்திலோ இன்னும் ஈரம் இருக்கிறது. சுருங்கிய பக்கம் சுருங்காத பக்கத்தை இழுக்க, அப்பளம் வளைகிறது.

2003-ம் ஆண்டில் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் ஒரு பிளாஸ்டிக் ஏடும் இதே வித்தையைச் செய்து காட்டியது. ஆனால் அதில் ஈரமும் இல்லை, உலர்தலும் இல்லை, வெறும் வெளிச்சம்தான்!

பேராசிரியர் டொமிகி இக்கேடாவும், அவருடன் ஆராய்ச்சி செய்த யூ யான்லெய் என்ற சீனப் பெண்மணியும், நகானோ என்பவரும் அந்தச் சின்னஞ்சிறு ஏட்டின்மேல் புற ஊதாக் கிரணங்களைப் பாய்ச்சினார்கள். வெளிச்சம் வந்த பக்கமாக ஏடு வளைந்துகொண்டது. பிறகு கண்ணுக்குத் தெரியும் சாதாரண வெளிச்சத்தைக் காட்டினார்கள். உடனே சொன்னபடி கேட்கும் பிள்ளைபோல் மீண்டும் தட்டையாக நிமிர்ந்தது. அதிசயம் இத்துடன் நிற்கவில்லை. ஒளியின் அதிர்வை ஒரே திசையில் கட்டுப்படுத்தி அனுப்பியபோது, ஏடு அந்தத் திசையிலேயே வளைந்தது. அதிர்வின் திசையை மாற்றினால் வளைவின் திசையும் மாறியது!

கேரட்டில் கிடைத்த புதிர்

இந்த விந்தையின் வேரைத் தேடிப் போனால், 1888-ல் பிராக் நகரத்துக்குப் போய்ச் சேரவேண்டும். அங்கே ஆஸ்திரியத் தாவர சாஸ்திரி பிரீட்ரிக் ரைனிட்சர், கேரட்டிலிருந்து எடுத்த கொலஸ்டிராலைக் கொண்டு ஒரு பொருளைத் தயாரித்துச் சூடாக்கிப் பார்த்தார். அது 145.5 டிகிரி சென்டிகிரேடில் உருகிக் கலங்கலான திரவமாயிற்று. 178.5 டிகிரியில் அந்தக் கலங்கலும் மறைந்து தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலைகளா? மனிதர் குழம்பிப் போனார். ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டோ லேமனிடம் விளக்கம் கேட்டு எழுதினார். கலங்கல் நிலையில் அது திரவம்போல ஓடினாலும், உள்ளே மூலக்கூறுகள் படிகத்தில் இருப்பதுபோல ஒழுங்கோடு நின்றன. அதனால்தான் ‘திரவப் படிகம்’ என்ற பெயர் வந்தது. கடிகாரம், டெலிவிஷன் ஆகியவற்றின் திரைகளில் பிற்காலத்தில் புகுந்த சரக்கு இதுவேதான்.

டோக்கியோ விஞ்ஞானிகள் இந்த ஒழுங்கைப் பிளாஸ்டிக்குக்குள் பின்னி வைத்தார்கள். வரிசையில் அவர்கள் நிறுத்தியது அஸோபென்ஸீன் என்ற மூலக்கூறு. துணிச் சாயங்கள் பலவற்றுக்கு இது நெருங்கிய உறவு. சாதாரணமாகக் குச்சிபோல் நீண்டிருக்கும். புற ஊதாக் கிரணம் பட்டால் முழங்கைபோல் மடங்கிவிடும்.

ஒரு மூலக்கூறு மடங்கினால் யாருக்குத் தெரியப்போகிறது? தேர் வடத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் தேர் அசையுமா? எல்லோரும் ஒரே பக்கம் இழுத்தால்தானே நிலையைவிட்டுக் கிளம்பும்! கோடானுகோடி மூலக்கூறுகளை அப்படி ஒரே பக்கம் இழுக்க வைப்பது திரவப் படிகத்தின் ஒழுங்குதான்.

ஏடு சுருங்காமல் வளைவதற்கும் காரணம் உண்டு. வந்த கிரணங்களையெல்லாம் மேற்பரப்பே குடித்துத் தீர்த்துவிடுகிறது. ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஆழத்துக்குமேல், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழே, ஒளி அநேகமாகப் போவதே இல்லை. மேல்தோல் சுருங்க, அடிப்பாகம் சும்மா இருக்கிறது. அப்பளக் கதைதான்! ஏடு தடிமனானால், அசையாத அடிப்பாகமே பெரும் பாரமாகிவிடும். பாரம் தூக்கும் யந்திரத்தை இப்படிச் செய்துவிடலாம் என்று யாரும் எளிதில் கனவு காண முடியாதபடி இது குறுக்கே நின்றது.

ஒளியால் சுழன்ற சக்கரம்

இருந்தாலும் இக்கேடா குழுவினர் சளைக்கவில்லை. 2008-ல் இந்த ஏட்டை உறுதியான பாலிதீன் தாளில் ஒட்டி, வளையமாக்கி, இரண்டு சிறு சக்கரங்களில் பெல்ட்டாக மாட்டினார்கள். ஒரு சக்கரத்தின் அருகே புற ஊதா. மற்றதன் அருகே சாதாரண வெளிச்சம். ஓரிடத்தில் பெல்ட் சுருங்கியது, மற்றோரிடத்தில் நீண்டது. அந்த இழுப்பில் சக்கரங்கள் சுழன்றன. மின்சாரக் கம்பியோ காந்தமோ அந்த மோட்டாரில் இல்லை. மாவு மில்லை ஓட்ட அது உதவாது, வாஸ்தவம்தான். ஆனால் பம்பும் கம்பியும் நுழைய முடியாத குறுகிய இடங்களும் உலகில் இருக்கின்றனவே!

அப்படிப்பட்ட ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்தார் யூ யான்லெய். டோக்கியோவிலிருந்து ஷாங்காய் நகரின் பூடான் சர்வகலாசாலைக்குச் சென்ற அவர், 2016-ல் தம் குழுவினருடன் இதே இனத்துப் பிளாஸ்டிக்கால் மெல்லிய குழாய் ஒன்றைச் செய்தார். இம்முறை புற ஊதா தேவைப்படவில்லை. நீல வெளிச்சமே போதுமானதாக இருந்தது. உயிருள்ள திசுக்களைப் புற ஊதா கெடுக்கும் ஆகையால், மருத்துவ உபயோகத்துக்கு இது பெரிய அநுகூலம்.

குழாயில் ஒரு துளி திரவத்தை விட்டு, ஒளியின் உக்கிரம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும்படி காட்டினார்கள். குழாயின் வாய் ஒரு பக்கம் அகன்றது. துளி, குறுகலான பக்கத்தை நோக்கி நகர்ந்தது. மேட்டில்கூட ஏறியது! ரத்தத்தில் ஒரு பொட்டை எடுத்து நோய் அறியும் சிறு கருவிகளில், அந்தப் பொட்டை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தள்ள வெளியே பம்பும் குழாய்களும் வைப்பதுதான் பெரிய தொல்லை. கருவி உள்ளங்கை அகலம். அதை ஓட்டும் சாமான்களோ மேஜை நிறைய! ஷாங்காயில் அந்தத் துளியைத் தள்ளிக்கொண்டு போனது ஒரு நீல விளக்கு.