சிறிய சுவிட்சு செய்யும் பெரிய கலாட்டா!
காரின் கியர் பெட்டியைப் பிரிக்கும் முன்பு இதைக் கவனியுங்கள்

கார் நன்றாக ஓடிக்கொண்டு இருக்கிறது. திடீரென்று ஓட்டுபவரின் கண் எதிரே "டி" என்ற விளக்கு விட்டு விட்டு எரிகிறது. கியர் மாறும்போது வண்டி குலுங்குகிறது.

"கியர் பெட்டி போய்விட்டது" என்று யாராவது சொன்னால் போதும். குடும்பமே கலங்கிவிடும். தானாகக் கியர் மாறும் காரில் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பழுது பார்ப்பது பெரிய செலவு அல்லவா?

ஆனால், சில நேரங்களில் குற்றவாளி கியர் பெட்டி அல்ல. அதன் வெளிப்புறத்தில் திருகி வைத்திருக்கும் ஒரு சிறிய சுவிட்சுதான்!

சுவிட்சின் வேலை

இந்த வகைக் காரில் கியரை மாற்றுவது எண்ணெய். பம்பு ஒன்று எண்ணெயை அழுத்தி அனுப்புகிறது. அந்த அழுத்தத்தால் கிளட்சுத் தட்டுகள் இறுகுகின்றன. கியர் விழுகிறது.

எண்ணெய் அழுத்தம் வந்துவிட்டதா என்று காரின் கம்ப்யூட்டருக்குச் சேதி சொல்வது "பிரஷர் சுவிட்சு". பல ஹோண்டா கார்களில் 3-வது கியருக்கும், 4-வது கியருக்கும் இந்த சுவிட்சு உண்டு.

சுவிட்சு கெட்டால் பொய் சொல்லும். கியர் விழுந்த பிறகும் "விழவில்லை" என்று சொல்லும். அதை நம்பிக் கம்ப்யூட்டரும் தடுமாறும்.

கண்டுபிடிப்பது எப்படி?

"டி" விளக்கு மின்னும். கியர் தாமதமாகவோ, "டக்" என்ற அதிர்ச்சியுடனோ விழும். சுவிட்சின் ஓரத்தில் எண்ணெய் கசிவதும் உண்டு.

மெக்கானிக்கிடம் உள்ள ஸ்கேனர் கருவி கோளாறு எண்ணைக் காட்டும். ஹோண்டா கார்களில் பி 0847, பி 0848 என்றால் 3-வது கியர் சுவிட்சு. பி 0872, பி 0873 என்றால் 4-வது கியர் சுவிட்சு.

அவசரம் வேண்டாம்!

எண் வந்ததுமே சுவிட்சை வாங்கிவிடக் கூடாது. முதலில் கியர் எண்ணெயைப் பார்க்க வேண்டும். எண்ணெய் குறைந்தால் அழுத்தமும் குறையும். எண்ணெய் கறுத்து, தீய்ந்த நாற்றம் அடித்தால் கிளட்சுத் தட்டுகளே தேய்ந்து இருக்கலாம். அப்போது சுவிட்சு உண்மையைத்தான் சொல்கிறது! அதை மாற்றிப் பயன் இல்லை.

அடுத்து, ஒயர் அறுந்து இருக்கிறதா, இணைப்பில் எண்ணெய் புகுந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பிறகு மீட்டர் வைத்துச் சோதிக்கலாம். என்ஜின் நிற்கும்போது சுவிட்சு வழியாக மின்சாரம் பாயக் கூடாது. அந்தக் கியரில் ஓடும்போது பாய வேண்டும். இந்த இரண்டாவது சோதனைக்குச் சக்கரங்களைத் தூக்கி நிறுத்த வேண்டும். ஆகவே, இது மெக்கானிக் செய்ய வேண்டிய வேலை.

மாற்றும் முறை

சமதளத்தில் காரை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க வேண்டும். என்ஜின் நன்றாக ஆறட்டும். சூடான எண்ணெய் கையைச் சுட்டுவிடும்.

சுவிட்சைச் சுற்றி உள்ள அழுக்கைத் துடைக்க வேண்டும். ஒரு தூசி உள்ளே போனாலும் ஆபத்து. இணைப்பின் கொக்கியை அழுத்திக் கழற்ற வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. சரியான அளவு ஸ்பானரால் சுவிட்சைக் கழற்றினால் கொஞ்சம் எண்ணெய் வடியும். அதற்கு ஒரு பாத்திரம் வைக்கலாம்.

புதிய சுவிட்சுக்குப் புதிய வாஷர்தான் போட வேண்டும். முதலில் கையால் திருகி, பிறகு இறுக்க வேண்டும். ஹோண்டாவில் இறுக்கும் அளவு 20 நியூட்டன் மீட்டர். கியர் பெட்டி அலுமினியத்தால் ஆனது. பலத்தைக் காட்டினால் மரை போய்விடும்!

வடிந்த எண்ணெய்க்கு ஈடாக, கம்பெனி சொல்லும் அதே ரக எண்ணெயை ஊற்ற வேண்டும். கோளாறு எண்ணை அழித்துவிட்டு, காரை ஓட்டிப் பார்க்க வேண்டும். விளக்கு மீண்டும் மின்னவில்லை என்றால் வேலை முடிந்தது.

3 கேள்விகள்

ஸ்பானர் பிடிக்கத் தெரியாதவர்களும் மெக்கானிக்கிடம் 3 கேள்விகள் கேட்கலாம்.

கோளாறு எண் என்ன? எண்ணெய் எப்படி இருக்கிறது? சுவிட்சைச் சோதித்தீர்களா?

இந்த மூன்றுக்கும் பதில் கிடைக்கும் வரை, கியர் பெட்டியைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள்!