ஒரே மேசையில் ஒரு கோப்பை

கொழும்பின் நட்சத்திர ஹோட்டல்களில் வைன் சுவைக்கும் இராவிருந்துகளின் வாயிலாக முன்பின் அறியாதோர் நண்பர்களாவது புதுமையன்று. ஆனால், மதுவை விலக்கிய முஸ்லிம்களும் அதனை விரும்பாத தமிழர் பலரும் அங்கு அமர்வதற்கில்லை. அனைவருக்குமுரிய சுவைக்கலையொன்று இந்நகரிலேயே இருப்பதை நாம் மறந்துவிடுகின்றோம்.

1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொழும்பில் முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 ஆம் திகதி நடைபெற்றது. ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவைஞர்கள் முன்கூட்டியே மதிப்பிடுகின்றனர். சர்வதேச நியமத்தின்படி 100 மில்லிலீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை. ஊறும் நேரம் 6 நிமிடங்கள். பின்னர் ஒலியெழ உறிஞ்சி, நாவெங்கும் பரவவிட்டு, வைனைப் போலவே உமிழ்ந்துவிடுவர். நுவரெலியாவின் மென்மை, ஊவாவின் தனி நறுமணம், றுகுணுவின் கடும் நிறம் ஆகியவற்றை உயரமும் மண்ணும் காற்றும் தீர்மானிக்கின்றன.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நான்கு கோப்பைகளுடன் அயலவரை அழைத்து இதனைச் செய்து பார்க்கலாம். எம்மதத்தவரும் தயக்கமின்றி அமரக்கூடிய மேசை அது.

எனினும், அம்மேசையில் ஒரு கடனும் உண்டு. கொழுந்து பறித்த மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டமே பிரஜாவுரிமை வழங்கியது. லயன் அறைகளும் கூலிப் போராட்டமும் இன்னும் தொடர்கின்றன. தோட்டத்தின் பெயரைச் சொல்லிச் சுவைக்கும் நாம், அத்தோட்டத்து மக்களைப் பற்றிப் பேசாதிருப்போமாயின் நமது ரசனை அரைகுறையானதே.