பெட்டியில் 9,000 லூமன், சுவரில் எவ்வளவு?

ஐ.டி.யில் வேலை பார்த்தா புரொஜெக்டரும் அத்துப்படியா இருக்கும்னு நம்ம ஆளுங்களுக்கு ஒரு நம்பிக்கை. எங்க ஊர் ஞாயிறு தமிழ்ப் பள்ளிக்கு ஒண்ணு வாங்கணும்னு பேச்சு வந்ததும் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பதினஞ்சு லிங்க் வந்து விழுந்தது. ‘நீயே பார்த்துச் சொல்லுப்பா’ன்னு என் தலையில் கட்டிட்டாங்க. அந்த விவரங்களைப் படிச்சா, வாங்கறவங்களுக்குப் புரியக் கூடாதுன்னே எழுதின மாதிரி இருந்தது.

முதல்ல லூமன். புரொஜெக்டர் தர்ற மொத்த வெளிச்சத்தோட அளவு அது. ஆனா எங்கே அளந்த வெளிச்சம்? உள்ளே இருக்கற எல்.இ.டி. விளக்கை மட்டும் கணக்கில் எடுத்துப் பெட்டியில் போடறவங்க உண்டு. கைக்கு வந்த எண்ணைப் போடறவங்களும் உண்டு. ‘ஆன்சி லூமன்’ இல்லேன்னா ‘ஐ.எஸ்.ஓ. 21118’னு போட்டிருந்தாத்தான் அது லென்ஸைத் தாண்டித் திரைக்கு வர்ற வெளிச்சம். முழு வெள்ளைப் படத்தை ஒன்பது கட்டமாப் பிரிச்சு, ஒவ்வொண்ணோட நடுவிலும் லக்ஸ் அளந்து, சராசரியைத் திரையோட பரப்பால் பெருக்குவாங்க.

இதை நாமளே செய்யலாம். குழுவில் ஒரு அண்ணா தன் வீட்டு புரொஜெக்டரைக் கொண்டு வந்தார். பெட்டியில் 9,000 லூமன். இருட்டு அறையில் 100 அங்குலப் படம் போட்டு, சின்ன லக்ஸ் மீட்டரால் ஒன்பது இடத்தில் அளந்தோம். சராசரி 65 லக்ஸ். அந்தத் திரையோட பரப்பு சுமார் 2.75 சதுர மீட்டர். பெருக்கினா 180 லூமன் கூட வரலை! அண்ணா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அதுக்காக அது குப்பைன்னு அர்த்தம் இல்ல. படத்தை 50 அங்குலமாக்கினா பரப்பு கால் பங்காகும், வெளிச்சம் நாலு மடங்காகும். திரைச்சீலை இழுத்துவிட்ட படுக்கையறையில் பிள்ளைகள் படம் பார்க்க அது போதும். விளக்கு எரியற வகுப்பறையில்தான் சிக்கல். புரொஜெக்டரால் கறுப்பைப் போட முடியாது, வெளிச்சம் போடாம விடத்தான் முடியும். அறை விளக்கில் சுவர் எந்த நிறமோ, அதுதான் உங்க கறுப்பு. அதனால வகுப்புக்கு 3,000 ஆன்சி லூமனுக்குக் குறைஞ்சு பார்க்க வேண்டாம்.

அடுத்து ‘சப்போர்ட்ஸ் 4கே’. 4கே சிக்னல் கொடுத்தா வாங்கிக்கும், அவ்வளவுதான். திரையில் என்ன வரும்னு சொல்றது ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’. அண்ணாவோடது நேட்டிவ் 800 × 480, அதாவது நாலு லட்சம் புள்ளி கூட இல்ல. 1080பின்னா சுமார் 20.7 லட்சம். சினிமா ஓடும்போது இந்த வித்தியாசம் அவ்வளவா உறுத்தாது. தமிழ்ப் பாடத்தைப் போட்டுப் பாருங்க, மெய்யெழுத்துப் புள்ளிதான் முதல்ல கரையும். ‘பால்’ங்கறதை ஏழு வயசுக் குழந்தை ‘பால’ன்னு படிச்சா அதைத் திருத்தி என்ன பிரயோஜனம்? அது பார்த்ததைத்தானே படிக்குது. எந்த புரொஜெக்டரையும் வாங்கறதுக்கு முன்னாடி சின்ன எழுத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து படிச்சுப் பாருங்க.

‘த்ரோ ரேஷியோ’ வெறும் வகுத்தல் கணக்கு: தூரம் வகுத்தல் படத்தோட அகலம். 100 அங்குலப் படத்தோட அகலம் சுமார் 2.2 மீட்டர். ரேஷியோ 1.2ன்னா புரொஜெக்டரை 2.65 மீட்டர் தள்ளி வைக்கணும். உங்க அப்பார்ட்மென்ட் ஹாலில் அவ்வளவு இடம் இருக்கான்னு டேப் வைச்சு அளந்துட்டு ஆர்டர் பண்ணுங்க.

‘கீஸ்டோன்’ வசதியைப் பெருசா விளம்பரம் செய்வாங்க. சாய்வா வைச்ச படத்தை நேராக்க அது ஓரப் புள்ளிகளை விட்டுட்டுப் படத்தைச் சுருக்குது, எழுத்து இன்னும் மங்கும். அதைவிட ரெண்டு தடி புத்தகத்தை அடியில் வைச்சு நேரா நிறுத்தறது மேல்.

பள்ளிக்குக் கடைசியில் எடுத்தது 3,600 ஆன்சி லூமன், நேட்டிவ் 1080பி. முதல் லிங்கில் இருந்ததைவிட விலை ஆறு மடங்கு. அதுக்குக் குழுவில் நடந்த சண்டையைத் தனியா எழுதலாம். நீங்க பார்க்கற பக்கத்தில் ‘ஆன்சி’ங்கற வார்த்தையே இல்லேன்னா, விற்கறவங்களுக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்க. எண்ணுக்குப் பதிலா ‘சூப்பர் பிரைட்’னு பதில் வந்தா அடுத்த லிங்குக்குப் போயிடுங்க.