விருந்தினரை வரவேற்கும் குட்டிக் கணினி

கணினி இல்லாத வீட்டிலும் இன்று கைபேசி இருக்கிறது. இறக்கக்கண்டியில் எங்களில் பலர், கடந்தகால வினாத்தாள்கள் உள்ள பென்ட்ரைவ் கிடைத்தால், ஓ.டி.ஜி. கேபிளை மாட்டிக் கைபேசியிலேயே வாசித்துவிடுகிறோம். அந்தச் சிறிய வயரில் என்ன நடக்கிறது என்று விளங்கிக்கொண்டால், 'பழுது' என்று ஒதுக்கிவைத்த சில பொருட்களை நாமே இயங்கவைக்கலாம்.

1996 இல் யூ.எஸ்.பி. முறையின் முதல் பதிப்பு வெளியானது. இன்டெல் நிறுவனத்தில் அதற்காகப் பாடுபட்டவர்களில் முக்கியமானவர், இந்தியாவின் வதோதராவில் பிறந்த அஜய் பட். கீபோர்டுக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு வேறொரு துளை என்றிருந்த நிலையை மாற்றி, எல்லாவற்றுக்கும் ஒரே வகை இணைப்பைக் கொண்டுவருவதே நோக்கம்.

இந்த முறையில் இரு பக்கமும் சமமல்ல. ஒன்று விருந்தோம்பி, அதையே 'ஹோஸ்ட்' என்கிறார்கள். மற்றது விருந்தாளியான சாதனம். 5 வோல்ட் மின்சாரம் கொடுப்பது ஹோஸ்ட். "நீ யார்?" என்று கேட்பதும், சாதனத்துக்கு 1 முதல் 127 வரையான ஓர் இலக்கத்தை வழங்குவதும் அதுவே. ஹோஸ்ட் கேட்காமல் பென்ட்ரைவ் தானாக எந்தத் தரவையும் அனுப்பாது. ஆகவே, இரண்டு விருந்தாளிகளை ஒன்றோடொன்று இணைத்தால் எதுவும் நடக்காது.

கைபேசி சில வேளை விருந்தாளி, சில வேளை ஹோஸ்ட். 2001 இல் வந்த ஓ.டி.ஜி. முறை இதற்கு வழிசெய்தது. மைக்ரோ யூ.எஸ்.பி. முனையில் ஐந்து தொடுகைகள் உள்ளன. ஓ.டி.ஜி. கேபிளில் நான்காவது தொடுகை நிலக்கம்பியுடன் இணைக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டதும் கைபேசி ஹோஸ்டாக மாறுகிறது. சாதாரண சார்ஜிங் கேபிளில் அந்த இணைப்பு இல்லை.

லினக்ஸில் இயங்கும் சிறிய கணினிப் பலகைகளிலும் இதே கதைதான். எங்கள் நானா பழையதாக வாங்கிவந்த ராஸ்ப்பெரி பை சீரோவில் பென்ட்ரைவும் வேலை செய்யவில்லை, கீபோர்டும் வேலை செய்யவில்லை. காட்டிய இடத்தில் "போர்ட் செத்துப்போச்சு" என்றார்கள். அந்தப் பலகையில் ஒரே மாதிரியான இரண்டு துளைகள் உண்டு. ஒன்று மின்சாரத்துக்கு மட்டும், மற்றதில்தான் தரவு செல்லும். நாங்கள் மாட்டியிருந்தது சரியான துளையில்தான். எனவே மெமரி கார்டைப் பக்கத்து வீட்டு மடிக்கணினியில் போட்டு, அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்தேன். யூ.எஸ்.பி.யின் பங்கு 'பெரிபெரல்', அதாவது விருந்தாளி, என்று எழுதப்பட்டிருந்தது. முன்பு வைத்திருந்தவர் அதை வேறொரு கணினியுடன் இணைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும். அந்தச் சொல்லை 'ஹோஸ்ட்' என்று மாற்றியதும் கீபோர்ட் உயிர்பெற்றது.

பிறகு ஒரு ஹப் மூலம் பென்ட்ரைவையும் சேர்த்தோம். அது வருவதும் மறைவதுமாக இருந்தது. யூ.எஸ்.பி. 2.0 முறையில் ஒரு சாதனம் முதலில் 100 மில்லியம்பியர் வரையும், அனுமதி கிடைத்தபின் 500 வரையும் எடுக்கலாம். எங்கள் பழைய சார்ஜரால் அவ்வளவு கொடுக்க முடியவில்லை. தனி மின்சாரம் உள்ள ஹப்பைப் போட்டதும் சரியானது.

எனவே ஒரு பலகை பென்ட்ரைவை அறியாவிட்டால், இந்த ஒழுங்கில் நான்கு கேள்விகள் கேளுங்கள்:

1. மின்சாரம் போதுமா?
2. துளையும் கேபிளும் சரியா?
3. பலகை ஹோஸ்டாக அமைக்கப்பட்டுள்ளதா?
4. அந்தச் சாதனத்துக்கான டிரைவர், லினக்ஸின் மையமான கேர்னலில் உள்ளதா?

'எல்.எஸ்.யூ.எஸ்.பி.' என்ற கட்டளை, இணைந்துள்ள சாதனங்களைப் பட்டியலிடும். பட்டியலில் பென்ட்ரைவ் இருந்தும் கோப்புகள் திறக்காவிட்டால், முதல் மூன்றும் பெரும்பாலும் சரி. டிரைவரையோ பென்ட்ரைவின் கோப்பு முறையையோ பார்க்க வேண்டும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். மகள் ஒரு பழைய பலகையுடன் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தால், விளையாடுகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள். காரணத்தை ஒவ்வொன்றாகத் தேடி விலக்கிப் பார்ப்பதும் படிப்புத்தான். புதிய கணினி வாங்க வசதியில்லாத வீட்டில், அந்தப் படிப்பே ஒரு கணினியைக் கொண்டுவந்து தரலாம்.