நாலு ட்ராக்கிலிருந்து நாலு திசைக்கு

ராபர்ட் ஃப்ரிப்புக்கு ‘லிஸர்ட்’ ஆல்பம் வெகுகாலம் பிடிக்காமலே இருந்தது. இத்தனைக்கும் அது அவர் குழுவின் ஆல்பம்தான். கிங் கிரிம்ஸன் என்ற பிரிட்டிஷ் ராக் குழு 1970இல் வெளியிட்டது. கிடார், மெல்லோட்ரான், கீத் டிப்பெட்டின் ஜாஸ் பியானோ, கார்னெட், டிராம்போன், ஓபோ என்று வாத்தியங்கள் அடுக்கடுக்காக வரும். இரண்டே ஸ்பீக்கருக்குள் அத்தனையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். குழுவின் தீவிர ரசிகர்களிலேயே பலர் அதைப் பாதியில் நிறுத்தியவர்கள்.

2009இல், குழுவின் நாற்பதாம் ஆண்டையொட்டி, பழைய ஆல்பங்களை 5.1 சரவுண்ட் ஒலியில் புதிதாக மிக்ஸ் செய்யும் வேலையை ஸ்டீவன் வில்சன் எடுத்துக்கொண்டார். போர்க்குபைன் ட்ரீ குழுவின் பாடகர், கிடார் கலைஞர். சிறுவயதிலிருந்தே இந்தப் பாட்டுகளில் ஊறியவர். சரவுண்ட் என்ற யோசனையே ஃப்ரிப்புக்கு முதலில் அவ்வளவாக ஒட்டவில்லை. ஆனால் வில்சன் மிக்ஸ் செய்த ‘லிஸர்ட்’டைக் கேட்டபிறகு, அதற்குள் இருந்த இசை முதல்முறையாகத் தன் காதில் விழுந்தது என்ற பொருளில் சொன்னார். புதிதாக ஒரு ஸ்வரம்கூட யாரும் வாசித்துச் சேர்க்கவில்லை. 39 ஆண்டுகளுக்கு முன் பதிவான அதே வாசிப்பு, அதே குரல்.

பழைய பாட்டுக்குப் புது பீட் போட்டுக் குத்துப்பாட்டாக்கும் ரீமிக்ஸ் அல்ல இது. ரீமாஸ்டரும் அல்ல. ரீமாஸ்டர் செய்பவர் கையில் இருப்பது இரண்டு சேனலாக ஏற்கெனவே கலந்து முடித்த டேப். அதன் சத்தத்தை ஏற்றலாம், இறக்கலாம், மெருகேற்றலாம், அவ்வளவுதான். ரீமிக்ஸ் செய்பவர் அதற்கும் முந்தைய கட்டத்துக்குப் போகிறார். ட்ரம்ஸ் தனியாக, பேஸ் கிடார் தனியாக, குரல் தனியாகப் பதிவாகியிருக்கும் மல்டி-ட்ராக் டேப்பை எடுத்து, எது எவ்வளவு சத்தமாக, எந்தத் திசையிலிருந்து கேட்கவேண்டும் என்பதை ஒவ்வொன்றாக மறுபடி தீர்மானிக்கிறார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு, அடிநாதத்துக்கு ஒரு சப்வூஃபர். இதுதான் 5.1. தியேட்டர் போஸ்டரில் டிடிஎஸ் என்ற மூன்றெழுத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. தியேட்டரில் பின்னாலிருந்து ஹெலிகாப்டர் வரும். இங்கே பின்னாலிருந்து ஓபோ வரலாம்.

ஒலியைக் கேட்பவரைச் சுற்றிப் பரப்பும் ஆசை ராக் இசைக்கு வெகுநாளாகவே உண்டு. 1967 மே 12 அன்று லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் பிங்க் ஃப்ளாய்ட் கச்சேரி. கீபோர்டு வாசித்த ரிக் ரைட்டின் பக்கத்தில் ஒரு பெட்டி, அதில் ஒரு ஜாய்ஸ்டிக். அபே ரோடு ஸ்டூடியோவில் வேலை பார்த்த பெர்னார்ட் ஸ்பைட் என்ற பொறியாளர் செய்துகொடுத்த அந்தக் கருவிக்கு ‘அஸிமத் கோஆர்டினேட்டர்’ என்று பெரிய பெயர். ஜாய்ஸ்டிக்கைத் திருப்பினால் அரங்கைச் சுற்றியிருந்த ஸ்பீக்கர்களில் ஒலி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நகரும். கச்சேரி முடிந்ததும் பெட்டியை யாரோ திருடிக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்து செய்த இன்னொரு பெட்டி இப்போது லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில் இருக்கிறது.

அதே குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ 1973இல் வந்தது. அதில் ‘டைம்’ பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் ஒன்றாக அலறுமே, அது பாட்டுக்காகப் பதிவானதே இல்லை. ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் ஆலன் பார்சன்ஸ், நான்கு ஸ்பீக்கர் ஒலிக்கு ஒரு மாதிரிப் பதிவு செய்வதற்காகப் பழம்பொருள் கடைக்குப் போய், அங்கிருந்த கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைத்திருந்தார். ‘மணி’ பாட்டில் கல்லாப்பெட்டியும் சில்லறையும் தாளம் போடும் லூப்புக்கும் நான்கு ஸ்பீக்கர் யோசனை போயிற்று. ஒவ்வொரு சத்தமும் ஒவ்வொரு மூலையிலிருந்து வரும்படி நான்கு சேனலுக்கென்றே புதிதாக ஒரு லூப் செய்தார்கள்.

குவாட்ரஃபோனிக் என்ற அந்த நான்கு ஸ்பீக்கர் மோகம் பத்தாண்டுகள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. சிபிஎஸ் கம்பெனி எஸ்க்யூ என்று ஒரு முறை கொண்டுவந்தது. சான்சுயி க்யூஎஸ் என்றது. ஜேவிசியும் ஆர்சிஏவும் சிடி-4 என்றன. ஒன்றுக்கு வாங்கிய கருவியில் இன்னொன்று ஒழுங்காக ஓடாது. முதல் இரண்டிலும் நான்கு சேனலை இரண்டுக்குள் திணித்து, வீட்டில் மறுபடி பிரிக்கவேண்டும். பிரிக்கும்போது முன்னால் வரவேண்டியது பின்னாலும் கசியும். மூன்றாவதில் மனிதக் காதுக்கு எட்டாத 30 கிலோஹெர்ட்ஸ் சிக்னலை இசைத்தட்டின் பள்ளத்திலேயே பதித்தார்கள். அதைப் படிக்கத் தனி ஊசி வேண்டும். சாதாரண ஊசியை வைத்துத் தேய்த்தால் அந்தப் பகுதியே அழிந்துபோகும். இத்தனை செலவழித்து நடுஹாலில் நான்கு ஸ்பீக்கரையும் ஒயரையும் பரப்ப வீட்டில் சம்மதிக்கவும் வேண்டுமே! எழுபதுகள் முடிவதற்குள் எல்லாம் மூட்டை கட்டப்பட்டது.

சரவுண்ட் திரும்பி வந்தது எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற வட்டுகள் வந்தபிறகு. ஆறு சேனலையும் தனித்தனியாகவே வைத்துக்கொள்ள அவற்றில் இடமிருந்தது. கசிவுப் பிரச்சினை தீர்ந்தது. ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வையும் க்வீனின் ‘எ நைட் அட் தி ஓபரா’வையும் எலியட் ஷைனர் மிக்ஸ் செய்தார். போர்க்குபைன் ட்ரீயின் ஆல்பத்தை அவர் 5.1இல் மிக்ஸ் செய்தபோது கூட இருந்து பார்த்துத்தான் வில்சன் இந்த வித்தையைக் கற்றார். ‘டார்க் சைட்’ 2003இல் எஸ்ஏசிடியாக வந்தது. ஆனால் அந்த வேலை பார்சன்ஸிடம் போகவில்லை. ‘தி வால்’ ஆல்பத்தின் ஒலிப்பதிவாளர் ஜேம்ஸ் கத்ரி அதைச் செய்தார். பார்சன்ஸின் 1973 குவாட் மிக்ஸும் 2011இல் ஒரு பெரிய பெட்டிப் பதிப்பில் வந்துவிட, ஒரே ஆல்பத்துக்கு இரண்டு சரவுண்ட் மிக்ஸ் ஆகிவிட்டது. எது உசத்தி என்று ரசிகர்களிடம் கேட்டால் பஞ்சாயத்து முடியாது. பார்சன்ஸுடையதில் துணிச்சல் அதிகம், சத்தங்கள் மூலைக்கு மூலை பாய்கின்றன. தெளிவு என்று பார்த்தால் கத்ரியின் கை ஓங்கியிருக்கிறது.

அந்தத் தெளிவுக்குக் காரணம் ஸ்பீக்கர் எண்ணிக்கை மட்டும் இல்லை. இந்தக் கதையில் பலரும் கவனிக்காமல் விடும் இடம் இது.

அறுபதுகளில் டேப்பில் ட்ராக்குகள் ரொம்பக் குறைச்சல். பீட்டில்ஸின் ‘சார்ஜன்ட் பெப்பர்’ (1967) முழுக்க நான்கு ட்ராக் மெஷினில் பதிவானது. நான்கும் நிறைந்துவிட்டால் அவற்றைக் கலந்து இன்னொரு டேப்பின் ஒன்றிரண்டு ட்ராக்குகளில் இறக்கிவிட்டு, காலியான ட்ராக்குகளில் மேற்கொண்டு பதிவார்கள். அதுவும் நிறைந்தால் மறுபடி இன்னொரு டேப். ஒவ்வொரு முறை நகலெடுக்கும்போதும் இரைச்சல் கூடும், கூர்மை மழுங்கும். அதைவிடப் பெரிய சங்கடம், கலந்தது கலந்ததுதான். கொதித்து இறக்கிய சாம்பாரிலிருந்து புளியைத் தனியே எடுக்க முடியுமா? பதினாறு ட்ராக் வசதி இருந்த ‘டார்க் சைட்’டிலேயே இடம் போதாமல் ஒருமுறை இப்படிச் செய்திருந்தார்கள்.

கம்ப்யூட்டருக்கு ட்ராக் பஞ்சம் கிடையாது. நகலெடுப்பதற்கு முந்தைய முதல் தலைமுறை டேப்களைப் பெட்டியிலிருந்து தேடியெடுத்து, ஒவ்வொன்றையும் டிஜிட்டலாக்கி, பிசகாமல் பக்கத்தில் பக்கத்தில் பொருத்திவிட்டால் நகலெடுத்த சேதாரம் முழுக்க மறைந்துவிடும். கத்ரி இதைத்தான் செய்தார். ‘சார்ஜன்ட் பெப்பர்’ ஐம்பதாம் ஆண்டுக்காக 2017இல் ஜைல்ஸ் மார்ட்டின் செய்ததும் இதுதான். பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் அவர். 1967இல் அந்தக் குழு உட்கார்ந்து மெனக்கெட்டது மோனோ மிக்ஸுக்கு. ஸ்டீரியோ அவசரமாக முடிக்கப்பட்டது. ஆக, அரை நூற்றாண்டாக உலகம் அதிகம் கேட்டுவந்தது பீட்டில்ஸ் அதிகம் அக்கறை காட்டாத மிக்ஸை.

டேப் கையில் கிடைப்பதே சிலசமயம் பெரிய பாடு. எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த சில அமெரிக்க டேப்களில் காந்தத்தூளை ஒட்டியிருக்கும் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அப்படியே ஓட்டினால் தூள் உரிந்து ஹெட்டில் அப்பிக்கொள்ளும். அதனால் சுமார் 54 டிகிரி செல்சியஸ் சூட்டில் மணிக்கணக்கில் வைத்து எடுத்து, பதம் கெடுவதற்குள் பிரதி எடுத்துவிடுகிறார்கள். ஃப்ளீட்வுட் மேக்கின் ‘ரூமர்ஸ்’ டேப் அவ்வளவு காலம்கூடக் காத்திருக்கவில்லை. 1976இல் ஒலிப்பதிவு நடக்கும்போதே, திரும்பத் திரும்ப ஓட்டியதில் தேய்ந்து ட்ரம்ஸின் கணீரென்ற சத்தம் மங்கிப்போயிற்று. நல்லவேளையாக, ஆரம்பத்தில் பதிந்த அடிப்படை வாசிப்புக்கு இன்னொரு டேப் பத்திரமாக இருந்தது. ஒரு டெக்னீசியன் ஹெட்போனின் ஒரு காதில் தேய்ந்த டேப்பையும் மறுகாதில் புது டேப்பையும் வைத்துக்கொண்டு, இரண்டும் விலகாமலிருக்க வேகத்தைக் கையாலேயே திருகித் திருகி, மேலே பதிந்த குரலையும் கிடாரையும் புது டேப்புக்கு மாற்றிக்கொடுத்தார். அந்த ஒலிப்பதிவின் பொறியாளர் கென் கெய்லட்தான் பின்னாளில் அதே ஆல்பத்தின் 5.1 டிவிடி-ஆடியோவையும் கவனித்துக்கொண்டவர்.

வில்சன் வேலை செய்யும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். எடுத்தவுடன் அவர் சரவுண்டுக்குப் போவதில்லை. ட்ராக்குகளை வைத்துக்கொண்டு முதலில் பழைய ஸ்டீரியோ மிக்ஸையே அப்படியே மறுபடி கட்டுகிறார். ஒரு பட்டனைத் தட்டினால் 1971, இன்னொன்றைத் தட்டினால் இன்று. இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டபடி வரிவரியாகச் சரிபார்க்கிறார். எக்கோ, ரிவெர்ப் போன்றவை பெரும்பாலும் மல்டி-ட்ராக்கில் இருக்காது, அன்று மிக்ஸிங் செய்யும்போது கையோடு சேர்த்தவை. எந்த வார்த்தைக்கு எக்கோ நீண்டது, எந்த இடத்தில் கிடார் ஒரு நொடி உயர்ந்து தணிந்தது என்பதெல்லாம் காதாலேயே கண்டுபிடிக்கவேண்டும். பாட்டு தேய்ந்து மறையும் இடத்தில் இன்னொரு சிக்கல். டேப்பில் கலைஞர்கள் இன்னமும் வாசித்துக்கொண்டே இருப்பார்கள்; அதைத் திறந்துவிடலாமா, பழைய இடத்திலேயே மூடுவதா? வில்சன் பெரும்பாலும் பழையதன் பக்கம் நிற்பவர். அந்த அஸ்திவாரம் சரியாக நின்றபிறகே ஒலிகளை அறை முழுக்கப் பரப்புகிறார்.

ஜெத்ரோ டல் குழுவின் ‘அக்வாலங்’ இந்த முறைக்கு நல்ல சாட்சி. லண்டன் பேஸிங் தெருவில் பழைய தேவாலயம் ஒன்றை ஐலண்ட் நிறுவனம் ஸ்டூடியோவாக மாற்றியிருந்தது. அங்கே பெரிய கூடத்தில் இவர்கள் பதிந்தார்கள். கீழே சின்ன ஸ்டூடியோவில் லெட் ஸெப்லின் தங்கள் நான்காவது ஆல்பத்தைப் பதிந்துகொண்டிருந்தது. கீழே இருந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றுதான் சொல்லவேண்டும். அந்தக் கூடத்தின் ஒலி குழுவின் பாடகர் இயன் ஆண்டர்சனுக்குக் கடைசிவரை திருப்தி தரவில்லை. 1971இல் வெளிவந்த ஆல்பம் கம்பளிக்குள்ளிருந்து கேட்பதுபோல் மொத்தையாகத்தான் இருந்தது. 2011இல் வில்சனின் மிக்ஸ் வந்ததும் பலர் 5.1 பக்கம் போகவே இல்லை. கூடவே வந்த புது ஸ்டீரியோவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். சரவுண்டுக்காகத் திறந்த பெட்டியில் இரண்டு ஸ்பீக்கர்காரர்களுக்கும் பங்கு கிடைத்தது.

பெட்டியே கிடைக்காவிட்டால்? ஜென்டில் ஜயன்ட் குழுவின் முதல் மூன்று ஆல்பங்களுக்கு மல்டி-ட்ராக் முழுசாக அகப்படவில்லை. தேடியதில் கிடைத்த பாட்டுகளை மட்டும் மிக்ஸ் செய்து, ‘த்ரீ பீஸ் ஸ்வீட்’ என்று 2017இல் ஒரே தொகுப்பாகப் போட்டார் வில்சன்.

பீட்டில்ஸின் ‘ரிவால்வர்’ ஆல்பத்துக்கு டேப் இருந்தும் பயனில்லாமல் கிடந்தது. ‘டாக்ஸ்மேன்’ பாட்டில் ட்ரம்ஸ், பேஸ், கிடார் மூன்றும் ஒரே ட்ராக்கில் சேர்ந்தே பதிவாகியிருந்தன. ‘கெட் பேக்’ ஆவணப்படத்துக்காக இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, கலந்த ஒலியிலிருந்து ஒவ்வொரு வாத்தியத்தையும் அடையாளம் கண்டு பிரிக்கக் கம்ப்யூட்டரைப் பழக்கியது. 2022இல் ஜைல்ஸ் மார்ட்டின் அதை ‘ரிவால்வர்’மேல் பிரயோகித்தார். சாம்பாரிலிருந்து புளி தனியே வந்தேவிட்டது.

இப்போது 5.1க்கும் மேலே டால்பி அட்மாஸ். தலைக்கு மேலும் ஸ்பீக்கர். ஒலிக்குச் சேனல் என்பதற்குப் பதிலாக அறைக்குள் ஓர் இடம். 2021இல் ஆப்பிள் மியூசிக் இதைச் சந்தாதாரர்களுக்குத் திறந்துவிட்டபின், கேட்பவர்களில் ஏராளமானோர் ஹெட்போன்காரர்கள். ஒரு சத்தம் வலக்காதை எட்டுவதற்கும் இடக்காதை எட்டுவதற்கும் உள்ள இடைவெளி ஒரு மில்லி செகண்டுக்கும் குறைவு. அதையும் காதுமடலின் மடிப்பில் ஒலி அடையும் மாற்றத்தையும் கணக்கிட்டு, இரண்டு காதுக்குள் ஒரு அறையைப் போலியாக எழுப்புகிறார்கள். ஆளுக்கு ஆள் காதுமடல் வேறு என்பதால் ஒருவருக்குப் பின்னால் கேட்பது இன்னொருவருக்குத் தலைக்குள்ளேயே நிற்கும். எல்லா அட்மாஸ் மிக்ஸும் உருப்படியாக வந்துவிடுவதில்லை. ‘சார்ஜன்ட் பெப்பர்’ அட்மாஸ் தனக்கே சரியாகப் படவில்லை, மறுபடி செய்யப்போகிறேன் என்று ஜைல்ஸ் மார்ட்டினே அந்த ஆண்டு சொன்னார்.

அத்தனை ஸ்பீக்கர் இல்லாதவர்களும் இந்த வேலையின் ருசியைப் பார்க்கலாம். சாதாரண இயர்போன் போதும். ‘டாக்ஸ்மேன்’ பாட்டின் 2009 ரீமாஸ்டரில் தொடங்கவேண்டும். அதில் இருப்பது 1966இன் ஸ்டீரியோ. ட்ரம்ஸ், பேஸ், கிடார் மூன்றும் இடது காதில் ஒண்டிக்கொண்டிருக்கும். வலது இயர்போனைக் கழற்றினாலும் வாத்தியக் குழு முக்கால்வாசி மிஞ்சும். பிறகு 2022 மிக்ஸைப் போட்டுவிட்டு, ட்ரம்மர் ரிங்கோவின் ட்ரம்ஸ் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம்.